ரெட்டை வீட்டில் ஒரு பாதி

"சமயநல்லூர்ல எந்தப் பக்கம்மா நீங்க? ரோட்டுக்கு இந்தப் பக்கமா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமா?"

வீட்டை விற்கிறவர் இப்படிக் கேட்டபோது ஜெயராணி காப்பி டம்ளரை வாய்வரை கொண்டுபோய்விட்டு அப்படியே நிறுத்தினாள். மேலுதட்டில் காப்பி நுரை லேசாக ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த நுரை என் கண்ணில் நிற்கிறது, பாருங்கள்.

பசுமலையில் ஒரு மாடி வீட்டின் கூடம் அது. புதுச் சுண்ணாம்பு வாடை. மேலே காத்தாடி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. மாடியில் எங்கள் இருவரின் மகள்களும் திமுதிமுவென்று ஓடுகிறார்கள். "இந்த ரூம் எனக்கு!" "அப்ப இந்தச் சுவத்துக்கு அங்கிட்டு எனக்கு!" என்று ஒரே கூச்சல்.

கேட்டவர் ஓய்வு பெற்ற ஓவர்சியர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, அதிராத குரல். என்னிடம் கேட்க வேண்டியதை ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார். எந்த ஊர், கும்பிடுகிற கோயில் எது, அந்தக் கோயிலில் எத்தனை பங்காளிகள். நான் சொன்னதும், "அட, நம்மாளுகதானா" என்று முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தது ஜெயராணியின் முறை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க சின்னம்மா மகதாங்கய்யா. எங்க கோயில்தான் அவளுக்கும்."

என் வாய்க்கு எப்போதும் அவசரம். இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஒரு வாசகி கேட்டது

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். "மாமியாரை எழுதினீர்கள், நாத்தனாரை எழுதினீர்கள், கூட வேலை பார்த்த ஆண்களைக் கிழித்துத் தோரணம் கட்டினீர்கள். உங்களுக்கு ஒரு சிநேகிதிகூடவா இல்லை?" என்று.

இருந்தாள், தாயே. எழுதத்தான் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நானும் ஜெயராணியும் வில்லாபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியைகள். அவள் மூன்றாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் அவள் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். "ஏ சந்திரா, எம்புட்டுப் பிள்ளைகளுக்குடி ஒரு சம்பளத்துல பாடம் எடுக்குற?" என்று அவள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்.

பதினோரு வருடம் ஒன்றாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். என் டப்பாவைத் திறப்பதற்கு அவள் என்னிடம் அனுமதி கேட்டதே இல்லை. ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இது குழம்பா, கண்மாய்த் தண்ணியா?" என்பாள். நானும் விடமாட்டேன். "உன் கருவாட்டு வாடைக்கு இந்த ஏரியாப் பூனையெல்லாம் வந்து என் வகுப்புல உக்காருது. வருகைப் பதிவுல பேரு எழுதிறவா?" என்பேன். அவளுடைய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு மாதிரி இன்னொன்றை நான் இதுவரை தின்றதில்லை.

எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது என் மகள் தேன்மொழியைப் பத்து நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். தலை வாரி, ரிப்பன் கட்டி, தன் மகள் நிவேதாவோடு சேர்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். என் கூடப் பிறந்தவர்கள் வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

ஊர்க்கணக்கில் பார்த்தால் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்காரக்கூடாது. என் பிறந்த ஊர் மதுரைக்கு மேற்கே, வயக்காட்டுக் குடும்பம். அவள் சமயநல்லூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். இதற்குமேல் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தரை யாரென்று தெரிந்துகொள்ளப் பேரைக் கேட்க மாட்டார்கள். ரோட்டுக்கு எந்தப் பக்கம், எந்தக் கோயில் என்று கேட்டால் போதும். கேட்கிறவருக்கு நேரடியாகக் கேட்ட பாவமும் வராது.

பள்ளிக்கூடத்துக்குள் எங்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அதனால் அது இல்லை என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசிரியையாக முப்பது வருடம் சம்பளம் வாங்கியவள், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் பாடம் எடுத்த பள்ளியில் எங்கள் மகள்களை நாங்கள் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை, அவளும் சேர்க்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளியில் போட்டிருந்தோம். எங்கள் பள்ளியில் படித்ததெல்லாம் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர்களின் பிள்ளைகள், வீட்டுவேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள். அவர்கள்மேல் எனக்கு உயிர். ஒரு பயலுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் என் மகள் அவர்கள் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வேண்டும் என்றால் மாட்டேன். அப்படித்தான் இருந்தேன்.

ஜெயராணியின் காரணம் வேறு. "நான் இதே மாதிரி ஸ்கூல்ல படிச்சு வந்தவதான். இங்கிலீசுல ஒரு வார்த்தை பேச எனக்கு இன்னைக்கும் நாக்குத் தடிக்குது. என் பிள்ளைக்கு அது வேணாம்" என்பாள். அவள் காரணத்தில் நியாயம் இருந்தது.

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது ஆறாம் வகுப்புக்கு எங்கே என்ற கவலை பிடித்துக்கொண்டது. பசுமலைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, பக்கத்திலேயே வீடு இருந்தால் கொஞ்சம் தோதுப்படும் என்று பேச்சு. இரண்டு வீட்டிலும் வாடகை கொடுத்து அலுத்திருந்தோம். வாங்குகிற வீட்டை அங்கேயே வாங்கினால் என்ன? அதுவும் அடுத்தடுத்து?

இதை முதலில் சொன்னது ஜெயராணிதான். சொல்லிவிட்டு, "உன் கண்மாய்த் தண்ணிக் குழம்பு ரிட்டையர் ஆன பிறகும் எனக்கு வேணும்டி" என்றாள்.

வாசலில் நின்று பார்ப்பது

மதுரையில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் வில்லங்கம் பார்ப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதற்கு முன்னால் ஒன்று பார்ப்பார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் வாசலுக்கு எதிரே நிற்பார்கள். எத்தனை பிள்ளை காரில் போகிறது, எத்தனை வேனில் போகிறது, நடந்து போகிற பிள்ளைகள் எந்தத் தெருவுக்குள் நுழைகின்றன, கூப்பிட வருகிற தாய்மார்கள் என்ன சேலை, பிள்ளைகளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பத்து நிமிடம் நின்றால் அந்த ஏரியாவின் ஜாதகமே கையில் வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். எதையும் நாளைக்கு விற்றால் என்ன வரும் என்று யோசிக்கிற ஆள். என்னைக் கல்யாணம் செய்தபோது எப்படி யோசித்தார் என்று தெரியவில்லை. அவர் என்னையும் அழைத்துக்கொண்டுபோய் அந்தப் பசுமலைப் பள்ளிக்கு எதிரே ஒரு பருத்திப்பால் வண்டி ஓரமாக நிறுத்தினார்.

"பாரு சந்திரா, பாரு. டாக்டர் பிள்ளைக, வக்கீல் பிள்ளைக. ஒரு சில்லறை கிடையாது. இந்தப் பக்கம் நிலம் இறங்கவே இறங்காது."

நானும் பார்த்தேன். பளபளவென்று ஷூ, இரட்டைப் பின்னல். என் மகளை அந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுத் தரகர் மூக்கையா அண்ணன் வில்லாபுரத்திலும் ஒரு வீடு வைத்திருந்தார். நல்ல கட்டடம், விலை பாதி. "ஏண்ணே இம்புட்டுக் குறைச்சல்?" என்று ஜெயராணி கேட்டாள்.

"பின்னாடி ஒரு ஸ்கூல் இருக்குல்ல டீச்சர், அதான். அங்கன படிக்கிற பிள்ளைகளைப் பாத்தாலே பார்ட்டி ஓடிப்போறாக" என்றார்.

அந்த ஸ்கூல் எங்கள் ஸ்கூல்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். மூக்கையா அண்ணன் பதறிப்போய், "தப்பா நினைச்சுக்காதீக டீச்சர், உங்களைச் சொல்லல" என்றார். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அன்று சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் அவரே பசுமலையில் இந்த ரெட்டை வீட்டைக் காட்டினார். ஓவர்சியர் தன் இரண்டு மகன்களுக்காக ஒட்டிக் கட்டியது. நடுச்சுவர் ஒன்று, மொட்டைமாடிப் படி ஒன்று, போர்வெல் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து விற்க வேண்டும் என்று நின்றார். கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம். அதன் கிளை இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. ஜெயராணி ஒரு கொத்து ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சந்திரா, இது நம்ம வீடு" என்றாள்.

கூடத்தில் நடந்த மீதி

"சின்னம்மா மகளா! முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று ஓவர்சியர் சந்தோஷப்பட்டார். "நான் ஏன் கேக்குறேன்னா அம்மா, எனக்கு ஒண்ணும் வித்தியாசம் கிடையாது. தண்ணித் தொட்டி ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணாப் போச்சு. நாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் மனத்தாங்கல் வந்துறக்கூடாது பாருங்க."

ஜெயராணி மீதிக் காப்பியைக் குடிக்கவில்லை. மூக்கையா அண்ணன் உடனே நாள் பார்த்தார். இரண்டு பாதிக்கும் அட்வான்ஸ் கைமாறியது. பதிவுக்கும் ஒரே தேதி குறித்தாயிற்று.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளைகள் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். ஜெயராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எனக்குள் ஒரு பெருமிதம். எவ்வளவு சாமர்த்தியமாக ஒரு வார்த்தையில் காரியத்தை முடித்துவிட்டேன்! சிநேகிதிக்கு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டேன்! அவளுக்குப் பேச்சு வராததற்குக் காரணம் நன்றி என்று நினைத்தேன். அட, கூறு கெட்டவளே!

மறுநாள் காலை, பிள்ளைகளைக் கையெழுத்து எழுத வைத்துவிட்டு, தட்டியைச் சுற்றிக்கொண்டு என் வகுப்புக்கே வந்தாள்.

"சந்திரா, அந்த வீட்டுக்கு நான் குடிவந்த பிறகு எங்கம்மா வருவாங்கல்ல? அவங்களுக்கு எந்தக் கோயிலுன்னு சொல்லிக்குடுப்ப?"

நான் கையிலிருந்த சாக்குக்கட்டியை மேஜைமேல் வைத்தேன்.

"எங்க அண்ணன் வருவான். என் மகளுக்கு ஒரு விசேஷம்னா சாதி சனம் அம்புட்டும் வரும். அத்தனை பேருக்கும் நீ உன் சின்னம்மா வீட்டு உறவுமுறை எழுதிக் குடுப்பியா? நான் பெத்த பிள்ளைக்கிட்ட, வெளியில கேட்டா இன்னார்னு சொல்லாதடின்னு சொல்லி வளக்கவா? உன்னை யாருடி என் வாயைப் பொத்தச் சொன்னது?"

"உனக்கு வீடு கிடைக்கணும்னுதானடி" என்றேன்.

"கிடைக்காட்டிப் போகுது. நான் கேட்டேனா?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். முன் வரிசைப் பிள்ளை ஒன்று, "டீச்சர், டீச்சரு அழுகுறாங்க" என்று என்னிடமே புகார் சொன்னது. அதைக் கேட்டு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டோம். அன்று மதியம் அவள் வழக்கம்போல என் டப்பாவைத் திறந்து, வழக்கம்போலத் தொட்டு நக்கி, வழக்கம்போலத் திட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

இதை நான் மறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

"இனி உன் பாடு"

அந்தச் சனிக்கிழமை அவள் தனியாகப் பசுமலைக்குப் போனாள். ஓவர்சியரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் முகம் கோணவில்லையாம். உள்ளே போய் அவள் கொடுத்த அட்வான்ஸை அதே கவரோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாராம்.

திங்கட்கிழமை என்னிடம் சொன்னாள். "சொல்லிட்டேன். இந்தத் தடவை காப்பி வரல." அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "இனி உன் பாடு" என்றாள்.

என் பாட்டை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஓவர்சியர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். "உங்க வீட்ல செஞ்சது தப்புத்தான். இளகின மனசு, போகட்டும். நம்மாளுகன்றதால நான் மனசுல வச்சுக்கல. நீங்க ஒரு பாதியை எடுத்துக்கங்க. இன்னொரு பாதிக்கு நான் வேற ஆளு பாத்துக்கிறேன்."

வீட்டில் மூன்று நாள் சண்டை. அவள் இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்று கேட்டார்.

"நாம விட்டுட்டா, அது அவங்களுக்குக் கிடைச்சிருமா?"

கிடைக்காது.

"அப்ப நம்ம பிள்ளைக்கும் கிடைக்காமப் போறதுல யாருக்கு என்ன லாபம்?"

தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பளபளக்கிற ஷூவையும் இரட்டைப் பின்னலையும் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜெயராணியிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தேதிதான் அவளுக்கே தெரியுமே என்று விட்டுவிட்டேன். முன்பே குறித்த அந்தத் தேதிக்கு 'சொந்த வேலை' என்று விடுப்புக் கடிதம் எழுதித் தலைமையாசிரியை மேஜையில் வைத்தேன். அங்கே அதே தேதிக்கு ஜெயராணியின் கடிதமும் இருந்தது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலும், அன்று பள்ளியில் மற்றவர்கள் என்னைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லவும் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

பதிவு முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கட்டை விரலில் மை. என் வீட்டுக்காரர் குஷியில் எங்களை ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் வடை பாயசத்தோடு சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். சாப்பிட்டேன். வயிறு நிறையத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் நான் செய்ததுதான் உச்சம். ஆசிரியர்கள் அறையில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தேன். ஜெயராணி ஒன்றை எடுத்துக்கொண்டாள். "நல்லா இருங்க டீச்சர்" என்றாள். அன்று மதியம் அவள் தலைவலி என்று வகுப்பிலேயே இருந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் என் டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த மாறுதலில் சமயநல்லூர்ப் பக்கம் போய்விட்டாள்.

சுவருக்கு அங்கிட்டு

வீடு நன்றாக இருக்கிறது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற தரகர்களிடமெல்லாம் இன்றைய நிலவரம் கேட்டு வைத்துக்கொள்கிறார். அவர் கணக்குத் தப்பவில்லை.

தேன்மொழிக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. முதல் வாரம் வந்து, "அம்மா, நம்மகிட்ட என்ன கார்னு கேக்குறாங்க" என்றாள். எங்களிடம் மொபெட்தான் இருந்தது. அவள் ஏழு வருடம் அங்கே படித்தாள், மார்க் வாங்கினாள், ஒரு பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிவந்தது கிடையாது.

குடிவந்த புதிதில் அவள் தன் அறையின் நடுச்சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பாள். இரண்டு தட்டு, ஒரு தட்டு என்று அவளும் நிவேதாவும் என்னவோ கணக்கு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. மறுபாதியை வாங்கியவர் வந்து, "சத்தமா இருக்கு, பிள்ளையைச் சொல்லி வைங்க" என்றார். சொல்லி வைத்தேன்.

"நிவேதா எப்பம்மா வருவா?"

"வரமாட்டாடி. அவங்களுக்குக் காசு பத்தல."

பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொன்னேன். ஜெயராணியும் அவள் வீட்டுக்காரரும் எங்களைவிட ஒரு ரூபாயாவது கூடத்தான் சம்பாதித்தார்கள்.

தேன்மொழி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். சில மாதம் முன்பு செல்போனில் எப்படியோ நிவேதாவைக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறாள். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, காசு பத்தலைன்னு சொன்ன" என்றாள். "அத்தனை வருஷம் அவங்கதான் என்னைய வேணாம்னுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை அப்பாவிடம் பேசுகிறாள்.

அவரைக்காய்

போன மாதம் பஸ் ஏறிச் சமயநல்லூர் போனேன். வீட்டுக்காரரிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். பாருங்கள், இன்னும் இந்த வாய் திருந்தவில்லை.

ஜெயராணி தன் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறாள். தலை முழுக்க நரைத்திருந்தது, சாயம் போடவில்லை. முற்றத்தில் முறத்தை வைத்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நிவேதாவுக்குத் திண்டுக்கல்லில் வேலை, பேரனுக்கு ஒரு வயது என்றாள். நான் நாற்காலியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு கை அவரைக்காய் எடுத்துக்கொண்டேன். உரிக்க ஏதாவது இருந்தால்தான் எனக்குப் பேச வரும்போல் இருந்தது.

"ஜெயா, அன்னைக்கு உன்னை என் சின்னம்மா மகன்னு சொல்லிட்டேன். உன் வாயைப் பொத்திட்டேன். இத்தனை வருஷமா அது என்னை அறுக்குதுடி. மன்னிச்சுரு" என்றேன். வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்த வாக்கியம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"அதா? அதுக்குத்தான் மறுநாளே உன் வகுப்புல வச்சு உன்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேனே. அன்னைக்கே முடிஞ்சு போச்சே அது."

அப்புறம் எதற்கு என்னை ஒதுக்கினாய் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பத்திரம் பதியிற அன்னைக்கு நான் லீவு போட்டேன், தெரியுமா?"

"தெரியும். என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமப் போட்டேன்னு நினைச்சேன்."

"நான் ஸ்கூலுக்குப் போனா நீ எப்படிடி என்னைத் தேடி வீட்டுக்கு வருவ?" என்றாள். ஒரு காயை எடுத்து இரண்டு பக்கமும் நாரை இழுத்துப் போட்டாள். "நீ கையெழுத்துப் போட மாட்டன்னு எனக்கு அம்புட்டு நிச்சயம். வேணாம்னு அவங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு, புருசன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு, நேரா எங்கிட்டத்தான் வருவன்னு நினைச்சேன். உனக்கும் சேத்துத்தான் உலை வச்சேன். நெத்திலித் தொக்கு செஞ்சேன். மத்தியானம் பூரா வாசல்லயே நின்னேன். நாலு மணிக்குப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்துருச்சு. பசிக்குதுன்னுச்சு. அதுக்குப் போட்டுக் குடுத்துட்டேன்."